நாஸ்டர் ரிலேவை ரஸ்ட்ல ஓட்டலாம் வாங்க: தமிழ் போஸ்ட் எங்கெங்க அடிபடும்?

வணக்கம் மக்களே. வியாசர்பாடி, கொடுங்கையூர், காசிமேடு பக்கம் நாலு பேர் சேர்ந்து சொந்தமா ஒரு சோஷியல் நெட்வொர்க் சர்வர் ஓட்டணும்னா, கைக்கு அடக்கமான வழி நாஸ்டர்ங்கற புரோட்டோகால் தான். இதுல போஸ்ட்டை வாங்கி வச்சு, கேக்குற ஆப்புக்கு அனுப்புற சர்வருக்கு பேர் தான் ரிலே. இதுல அக்கவுண்ட்னா ஒரு சாவி ஜோடி, அவ்ளோதான்: ரகசியமா வைக்குற பிரைவேட் கீ, எல்லாருக்கும் காட்டுற பப்ளிக் கீ. பிரைவேட் கீயால கையெழுத்து போட்ட போஸ்ட்டை எத்தனை ரிலேக்கு வேணா அனுப்பலாம். ஒரு ரிலே படுத்துட்டாலும் அதே போஸ்ட் இன்னொண்ணுல கிடைக்கும்.

ரஸ்ட்ங்கற புரோகிராமிங் மொழியில எழுதின ஓப்பன் சோர்ஸ் ரிலே, நாஸ்டர்-ஆர்எஸ்-ரிலே. டேட்டாவை எஸ்க்யூலைட் ஃபைல்ல வச்சுக்கும், தனியா டேட்டாபேஸ் சர்வர் தேவையில்ல. உபுண்டு, டெபியன்ல பில்ட்-எசென்ஷியல், சிமேக், புரோட்டோபஃப் கம்பைலர், பிகேஜி-கான்ஃபிக், ஓப்பன்எஸ்எஸ்எல் டெவலப்மென்ட் பேக்கேஜ், இதெல்லாம் முதல்ல போட்டுடுங்க. புரோட்டோபஃப் கம்பைலரை விட்டா பில்ட் பாதியில நின்னுடும். அப்புறம் ரஸ்டோட பில்ட் டூலான கார்கோ வச்சு பில்ட், ரிலீஸ் மோடுல. ராஸ்பெர்ரி பை மாதிரி சின்ன போர்டுல பண்றவங்க ஜாப் எண்ணிக்கையை 1 இல்ல 2-ன்னு குறைச்சுக்குங்க. "சிக்னல் 9"-ன்னு எரர் வந்தா அது கோடு தப்பு இல்ல, மெமரி பத்தாம கெர்னலே கம்பைலரை அடிச்சு நிறுத்தியிருக்கு.

இப்ப முக்கியமான இடம். ஒவ்வொரு போஸ்ட்டுக்கும் ஒரு ஐடி இருக்கு. பூஜ்யம், பப்ளிக் கீ, நேரம், கைண்ட் (எந்த வகை போஸ்ட்), டேக்ஸ், கன்டென்ட், இந்த ஆறையும் இதே வரிசையில ஜேசன் (டேட்டாவை எழுத்தா எழுதுற ஒரு வடிவம்) அரேவா, நடுவுல ஸ்பேஸ் இல்லாம எழுதி, ஷா-256 ஹாஷ் (டேட்டாவோட கைரேகை மாதிரி) எடுத்தா அதான் ஐடி. அந்த ஐடி மேல ஷ்னோர்ங்கற முறையில டிஜிட்டல் கையெழுத்து. அப்போ கன்டென்ட்ல ஒரே ஒரு பைட் மாறினாலும் ஐடி மாறும், கையெழுத்து செல்லாது.

"கொடுங்கையூர்"னு டைப் பண்றேன்னு வைங்க. கண்ணுக்கு 6 எழுத்து. யூனிகோடுல 12 குறியீடு. யூடிஎஃப்-8ல தமிழ்க் குறியீடு ஒவ்வொண்ணும் 3 பைட், ஆக மொத்தம் 36 பைட். ரஸ்ட்ல லென் கேட்டா இந்த 36 தான் வரும். இப்ப முதல் எழுத்து "கொ"வை மட்டும் வேற மாதிரி அடிக்கிறேன்: க, ஒற்றைக் கொம்பு, கால்னு மூணு குறியீடா. பார்க்க அச்சு அசல் அதே "கொ" தான், ஆனா மொத்தம் 39 பைட் ஆயிடுச்சு. ரெண்டுக்கும் ஐடி எடுத்துப் பார்த்தா, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்காது.

இதுல நிறைய பேர் நல்லது பண்றோம்னு நினைச்சு, ரிலேக்குள்ள வந்ததும் எழுத்தை என்எஃப்சிங்கற யூனிகோடு முறையில ஒரே மாதிரி மாத்திடுவாங்க (இதுக்கு பேர் நார்மலைஸ் பண்றது). அங்க தான் கெடும். மாத்தினதை டேட்டாபேஸ்ல வச்சுட்டு திருப்பி அனுப்பினா, வாங்குற ஆப் கையெழுத்தை சரிபார்த்துட்டு போஸ்ட்டை தூக்கிப் போட்டுடும். எழுதினவர் பேர்ல தப்பே இல்லாம அவர் போஸ்ட் காணாம போகும். நீங்களா தேடல் வசதி சேர்க்குறீங்கன்னா, நார்மலைஸ் பண்ணின காப்பியை டேபிள்ல தனி நெடுவரிசையில வைங்க. மூலத்தை தொடாதீங்க.

அடுத்தது ஜேசன். ரஸ்டோட செர்டே-ஜேசன் லைப்ரரி தமிழ் எழுத்தை அப்படியே எழுதும், ஸ்பேஸும் சேர்க்காது, அதனால பெரும்பாலும் பிரச்சனை வராது. பைத்தான்ல பாட் (தானா போஸ்ட் போடுற புரோகிராம்) எழுதுறவங்களுக்கு தான் வரும். அதோட ஜேசன் லைப்ரரி சும்மா விட்டா "க"வை பேக்ஸ்லாஷ்-யூ-0பி95-ன்னு மாத்தி எழுதும், கமாவுக்கு அப்புறம் ஸ்பேஸும் போடும். ஸ்பேஸை மட்டும் எடுத்துட்டு இதை மறந்தா, இங்கிலீஷ் போஸ்ட் எல்லாம் போகும், தமிழ் மட்டும் "இன்வேலிட்"னு திரும்பி வரும். என்ஷ்யூர்-ஆஸ்கியை ஃபால்ஸ் ஆக்குங்க, சரியாயிடும். நெட்வொர்க்ல அனுப்புற ஜேசன்ல அப்படி இருந்தா கெடுதல் இல்ல. ஹாஷ் எடுக்குற ஜேசன்ல இருக்கவே கூடாது.

ரிலே கோடுல நீங்க கை வைக்கும்போது இன்னொரு குழி இருக்கு. லாக்ல சின்னதா காட்டலாம்னு முதல் 20 பைட்டை வெட்டுவோம். இங்கிலீஷ்ல ஓடும். முழுசா தமிழா இருந்தா 20-ங்கறது 3-ஆல வகுபடாது, ஒரு எழுத்தோட நடுவுல வெட்டு விழும், ரஸ்ட் அங்கேயே பேனிக் ஆகும், அதாவது ஓடுறதை நிறுத்திடும். ரிலேல பல வேலையை ஒரே நேரத்துல ஓட்டுற டோக்கியோங்கற ரஸ்ட் லைப்ரரில அந்த ஒரு டாஸ்க் மட்டும் சாகும், ஆள் கனெக்‌ஷன் அறுந்துடும். ஆனா பில்ட் ப்ரொஃபைல்ல பேனிக்னா அபார்ட்னு வச்சிருந்தா ரிலே மொத்தமும் விழும். யாரோ ஒருத்தர் போட்ட தமிழ் போஸ்ட் சர்வரையே சாய்க்கக் கூடாதுங்க! பைட் எண்ணாம, ரஸ்டோட கேர்ஸ், டேக் வச்சு குறியீடு எண்ணி வெட்டுங்க. ஒற்றும் கொம்பும் பிரியாம முழு எழுத்தா வேணும்னா யூனிகோட்-செக்மென்டேஷன்ங்கற ரஸ்ட் லைப்ரரி இருக்கு.

சைஸ் லிமிட்டையும் இதே கணக்குல பாருங்க. கான்ஃபிக்ல மேக்ஸ் ஈவன்ட் பைட்ஸை 4096-ன்னு வச்சா, மத்த விவரமெல்லாம் போக தமிழுக்கு 1300 குறியீடு கூட மிஞ்சாது. 131072 வைங்க, தாராளமா போதும்.

ரிலேக்கு முன்னாடி என்ஜின்எக்ஸ் வெப் சர்வரை வைக்கிறவங்களுக்கு: ஆப்பும் ரிலேவும் பேசுற வெப்சாக்கெட்டுக்கு ஹெச்டிடிபி 1.1-ம், அப்கிரேட், கனெக்‌ஷன் ரெண்டு ஹெடரும் கட்டாயம். ரீட் டைம்அவுட் சும்மா விட்டா 60 செகண்ட். ரிலேவோட பிங் ("இருக்கியா"ன்னு கேக்குற சின்ன மெசேஜ்) இடைவெளி 300 செகண்ட். சும்மா இருக்குற கனெக்‌ஷன் எல்லாம் நிமிஷத்துக்கு ஒருதடவை அறுந்து அறுந்து ஒட்டும். டைம்அவுட்டை 3600 ஆக்குங்க, இல்ல பிங்கை 30-க்கு இறக்குங்க. ரிமோட் ஐபி ஹெடரையும் போட்டுடுங்க, இல்லன்னா லாக்ல எல்லாரும் ஒரே முகவரியா தெரிவாங்க.

கடைசியா கடிகாரம். கரண்ட் போய் ஒரு மணி நேரம் கழிச்சு வந்தா, ராஸ்பெர்ரி பை 4-ல கடிகார பேட்டரி இல்லாததால பழைய நேரத்துலயே எழுந்திருக்கும். ரிலே கான்ஃபிக்ல ரிஜெக்ட் ஃபியூச்சர் 1800 செகண்ட். ஆக இப்ப வர்ற நல்ல போஸ்ட் எல்லாம் "எதிர்காலத்துல இருந்து வருது"ன்னு தள்ளிடும். லினக்ஸ்ல சர்வீஸை எழுப்புற சிஸ்டம்டியோட சர்வீஸ் ஃபைல்ல ஆஃப்டர் வரியில டைம்-சிங்க் டார்கெட்டை சேருங்க, சிஸ்டம்டி-டைம்-வெயிட்-சிங்க் சர்வீஸையும் எனேபிள் பண்ணுங்க. ரெண்டுல ஒண்ணு மட்டும் பண்ணா காத்திருக்காது. நெட்ல நேரம் வாங்கினதுக்கு அப்புறம் தான் ரிலே எழுந்திருக்கணும். ஒருதடவை ப்ளக்கைப் புடுங்கி, அரை மணிக்கு மேல விட்டு, திரும்ப மாட்டி, "காசிமேட்டுல இன்னைக்கு வஞ்சிரம் என்ன விலை"ன்னு ஒரு போஸ்ட் போட்டுப் பாருங்க. ரிலேல இருந்து "ஓகே, ட்ரூ"ன்னு பதில் வரணும்.