வைஸ்ராய்க்கு அடுத்த நாற்காலி

நேயர்களுக்கு வணக்கம்.

ஜனவரி 15 என்றால் நமக்குப் பொங்கல் நாட்கள். நாட்டுக்கு அன்றைக்கு ராணுவ தினம். 1949-ல் அந்த நாளில்தான் குடகைச் சேர்ந்த கரியப்பா, ராய் புச்சர் என்ற ஆங்கிலேய ஜெனரலிடமிருந்து இந்திய ராணுவத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். விடுதலை கிடைத்துப் பதினேழு மாதம் வரை நம் ராணுவத்துக்கு வெள்ளைக்காரர்தான் தலைவர். இது பலருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் கரியப்பா கைக்கு வந்தபோது அந்தப் பதவி பாதியாகிவிட்டிருந்தது. முழுதாக இருந்த காலத்தில் அது எப்படி இருந்தது என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

தொடக்கம் நம்மூர்ப் பக்கம்தான். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்துக்கொள்ள, கம்பெனிக்காரர்கள் கடலூர் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டைக்கு ஒதுங்கினார்கள். 1748-ல் அங்கே வந்து இறங்கினார் மேஜர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ், கம்பெனிப் படைகளுக்கெல்லாம் தளபதியாக. இந்திய ராணுவத்தின் தந்தை என்று ஆங்கிலேயர்கள் இவரைத்தான் சொல்வார்கள். பிறகு வங்காளம், சென்னை, பம்பாய் என்று மூன்று படைகள், மூன்று தளபதிகள். வங்காளத்துத் தளபதிக்கு மற்ற இருவருக்கும் மேலான இடம். 1895-ல் மூன்றும் ஒரே ராணுவமானபோது, கமாண்டர்-இன்-சீஃப் என்ற அந்த ஒரு மனிதரின் கை மிகவும் நீண்டுவிட்டது. அரசு வரிசையில் வைஸ்ராய்க்கு அடுத்த நாற்காலி அவருடையது.

அந்த நாற்காலி வைஸ்ராயையே சாய்த்த கதை ஒன்று உண்டு. கர்சன் என்றதும் வங்கப் பிரிவினை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவர் ஏன் பதவி விலகினார் என்று யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. 1902-ல் தளபதியாக வந்தவர் கிச்சனர், சூடானில் வென்று புகழோடு வந்தவர். வைஸ்ராயின் ஆலோசனை சபையில் ராணுவ உறுப்பினர் என்று இன்னொரு ராணுவ அதிகாரி இருந்தார். படைக்கு வேண்டிய தளவாடம், போக்குவரத்து, செலவுக் கணக்கு எல்லாம் அவர் துறையில். தளபதியின் யோசனைகள் அவர் மேசை வழியாகத்தான் வைஸ்ராயிடம் போகும். தன்னைவிடத் தாழ்ந்த தரத்தில் உள்ள ஒருவர் தன் யோசனைக்குக் குறிப்பு எழுதுவதா என்று கிச்சனருக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பதவியையே எடுத்துவிடுங்கள் என்றார். கூடாது, எல்லா அதிகாரமும் ஒரே ராணுவ வீரரிடம் குவிந்துவிடும் என்றார் கர்சன். லண்டன் கிச்சனர் பக்கம் சாய்ந்தது. 1905 ஆகஸ்டில் கர்சன் ராஜினாமா செய்தார். கர்சனிடம் எனக்குப் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. ஆனால் இந்த ஒரு வழக்கில் நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது என்றே நினைக்கிறேன்.

பிறகு புதுடெல்லி எழுந்தபோது தளபதிக்கென்று ஒரு மாளிகை கட்டினார்கள், ஃபிளாக்ஸ்டாஃப் ஹவுஸ் என்று. 1948-ல் அங்கே குடியேறியவர் நேரு. தீன் மூர்த்தி பவன் என்று நாம் சொல்வது அதைத்தான்.

வீடு மட்டுமா போயிற்று? 1946-ல் இடைக்கால அரசு வந்தபோதே பாதுகாப்புத் துறை பல்தேவ் சிங் என்ற அரசியல்வாதியின் கைக்குப் போனது. வைஸ்ராயின் ஆலோசனை சபையில் தளபதிக்கு இருந்த இடம் அதோடு முடிந்தது. அதுவரை கடற்படையும் விமானப்படையும்கூட அவருக்குக் கீழேதான். 1947 ஆகஸ்ட் 15 முதல் மூன்று படைக்கும் மூன்று தளபதிகள், மூவரும் சமம். கடைசியில் பெயரும் போனது. அரசமைப்புச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு முப்படைகளின் உச்சத் தலைமையைக் குடியரசுத் தலைவருக்குக் கொடுத்திருந்தது. அப்படியிருக்க இன்னும் மூன்று கமாண்டர்-இன்-சீஃப் எதற்கு? 1955-ல் சட்டம் போட்டு அந்தப் பெயரை எடுத்துவிட்டு, சீஃப் ஆஃப் ஆர்மி ஸ்டாஃப் என்று ஆக்கினார்கள். பழைய பெயரில் கடைசியாகவும் புதுப் பெயரில் முதலாவதாகவும் இருந்தவர் ஒருவரே, ஜெனரல் ராஜேந்திரசிங்ஜி.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 1959-ல் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோடு ஒத்துப்போக முடியாமல் ராணுவத் தளபதி திம்மையா ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். நேரு பேசிப் பார்த்தார். திம்மையா கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அடுத்து நாடாளுமன்றத்தில், ராணுவத்துக்கு மேலே நிற்பது மக்கள் அரசுதான் என்று நேரு வெளிப்படையாகவே பேசிவிட்டார். மனிதராக திம்மையாவுக்கு அது பெரிய வலி. அவர் குறைகளில் உண்மை இல்லாமலும் இல்லை. மூன்றே ஆண்டில் சீனப் போர் அதைக் காட்டியது. இருந்தாலும் பாருங்கள், 1905-ல் தளபதியோடு மோதி வீட்டுக்குப் போனவர் வைஸ்ராய். 1959-ல் அமைச்சர் இருந்த இடத்திலேயே இருந்தார், தளபதிதான் இறங்கி வந்தார்.

மூன்றாகப் பிரித்ததில் ஒரு சங்கடமும் இருந்தது. மூன்று படையும் சேர்ந்து ஒரு திட்டம் போட ஆள் இல்லை. கார்கில் போருக்குப் பிறகு, 2001-ல் அமைச்சர்கள் குழு, முப்படைக்கும் பொதுவாக ஒரு தலைமை வேண்டும் என்று பரிந்துரைத்தது. காரியமானது 2020 ஜனவரியில், பிபின் ராவத் முப்படைத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றபோது. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் போகும் வழியில், குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அதன்பின் ஒன்பது மாதத்துக்கு மேல் அந்தப் பதவி காலியாகவே கிடந்தது. 2022 செப்டம்பர் 30 அன்றுதான் அனில் சவுகான் வந்தார்.

மீண்டும் ஒரு கிச்சனரை உண்டாக்கிவிட்டார்களா? இல்லை. முப்படைத் தலைமைத் தளபதி பாதுகாப்பு அமைச்சருக்கு ஆலோசகர். ஆனால் மூன்று தளபதிகளில் எவருக்கும் அவர் போர்க்கட்டளை இட முடியாது என்று ஏற்பாட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கூடவே ராணுவ விவகாரத் துறைக்கு அவரே செயலாளர். கோப்பு வாங்கி, குறிப்பு எழுதி, அமைச்சருக்கு அனுப்பும் வேலை. கிச்சனர் எந்த மேசையை அகற்றச் சொல்லிச் சண்டை போட்டாரோ, ஏறக்குறைய அதே மேசையில் இன்று நாட்டின் மூத்த ஜெனரல் உட்கார்ந்திருக்கிறார்.

நன்றி, வணக்கம்.