காலம் தள்ள நீ போதும்

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு ஒரே ஒரு பாட்டப் பத்தித்தான் பேசப் போறேன். 1995ல வந்த பாட்டு, "ஐ வில் பி தேர் ஃபார் யூ, யூ ஆர் ஆல் ஐ நீட் டு கெட் பை"னு பேரு, ராப் பாடுற மெத்தட் மேனும் சோல்னு கறுப்பின அமெரிக்கர்களோட உருக்கமான இசைய பாடுற மேரி ஜே பிளைஜும் சேர்ந்து பாடினது, அமெரிக்காவுல வாராவாரம் வர்ற ஹிட் பாட்டுப் பட்டியலான பில்போர்டு ஹாட் 100ல மூணாவது இடம் வரைக்கும் ஏறுச்சு, 1996ல ராப் ஜோடி அல்லது குழுவுக்கான கிராமி விருதும் வாங்குச்சு.

மெத்தட் மேன் யாருன்னா, வூ-டாங் கிளான்னு நியூயார்க் ஸ்டேட்டன் ஐலண்ட் பசங்க ஆரம்பிச்ச குழு, அதுல ஒருத்தர். கரகரப்பான குரல், பீட்டும் அப்படியே தூசி படிஞ்ச மாதிரி இருக்கும். அந்தக் காலத்துல ராப் பண்ற ஒரு ஆம்பள வீம்பு பேசலாம், சண்டைக்குக் கூப்பிடலாம், ஆனா காதலிய பார்த்து "நீ இல்லன்னா நான் இல்ல"ன்னு சொல்றதுக்கு ரொம்ப தயங்கினாங்க. இவரு சொன்னாரு. கையில ஒண்ணுமே இல்லாம நான் நின்னப்போ என்னையும் ஒரு ஆளா நினைக்க வெச்சவ நீ, வானம் இருட்டிக்கிட்டு இருந்த நாள்ல முதுகத் தடவிக் கொடுத்து சரியாயிடும்னு சொன்னவ நீ. முதுகத் தடவிக் கொடுக்கிறதுங்க! ரோஜாப்பூ இல்ல, நிலா இல்ல. வீட்டுக்குள்ள யாருக்கும் தெரியாம நடக்கிற ஒரு சின்ன விஷயம். எனக்கு அந்த வரி கேக்குறப்போ எல்லாம் தொண்டை அடைக்கும்.

சரி, மேரிக்கு வருவோம். நியூயார்க் பக்கத்துல யாங்கர்ஸ்ல அரசாங்க அடுக்குமாடிக் குடியிருப்புல வளர்ந்தவங்க, 1992ல முதல் ஆல்பம், ஹிப்-ஹாப் சோலோட ராணின்னே பேரு வாங்கினவங்க. 1994 நவம்பர்ல மெத்தட் மேனோட டிகல் ஆல்பம் வருது, அதே மாசம் மேரியோட மை லைஃப் வருது. டிகல்ல இந்தப் பாட்டு ஏற்கனவே இருந்துச்சு, மேரி குரல சேர்த்து மறுபடி பண்ணின ரீமிக்ஸ்தான் ஊரெல்லாம் ஓடுச்சு. ரீமிக்ஸ்லயும் ரெண்டு வகை, ஒண்ணு வூ-டாங்கோட ரிஸா பண்ணினது, இன்னொண்ணு பஃப் டாடிங்கிற தயாரிப்பாளர் பண்ணினது. எனக்குப் பிடிச்சது ரிஸாவோடது, அந்த முரட்டு டிரம்ஸ் மேல மேரி குரல் வர்றப்போதான் அந்தக் குரலோட ஈரம் தெரியும்.

மேரி பாடுற அந்தத் தலைப்பு வரி அவங்களோடது இல்ல. 1968ல மார்வின் கேயும் டாமி டெரலும் மோட்டவுன்ங்கிற ரெக்கார்டு கம்பெனிக்காகப் பாடின பாட்டு, எழுதினது ஆஷ்ஃபோர்டு, சிம்ப்சன்னு ஒரு ஜோடி. "யூ ஆர் ஆல் ஐ நீட் டு கெட் பை." கெட் பைன்னா ஜாம்ஜாம்னு வாழுறது இல்லங்க. எப்படியோ காலத்தத் தள்ளுறது, இன்னிக்குப் பொழுத ஓட்டுறது. அதுக்கு நீ ஒருத்தர் போதும்ங்கிறாங்க. அத யாரு பாடினது பாருங்க. 1967 அக்டோபர்ல வர்ஜீனியாவுல ஒரு காலேஜ் மேடையில பாடிக்கிட்டு இருந்தப்போவே டாமி மயங்கி மார்வின் கையில சாஞ்சாங்க, அப்புறம்தான் மூளையில கட்டின்னு தெரிஞ்சுது. அடுத்த வருஷம் இந்தப் பாட்டு வந்துச்சு. 1970 மார்ச்ல டாமி போயிட்டாங்க, வயசு 24.

அதனாலதான் நான் இத ரெண்டு பேர் பாட்டுன்னு நினைக்கல, நாலு பேர் பாட்டு. மெத்தட் மேன் ஒரு இடத்துலயும் குரல மாத்தி இனிமையா பாட முயற்சி பண்ணல, மேரியும் ராப் பண்ணப் போகல, அவர் பேசுறாரு இவங்க பாடுறாங்க, பேச்சு எங்க திக்குதோ அங்க பாட்டு வந்து தாங்கிக்குது. இத நிறைய பேர் அப்புறம் காப்பி அடிச்சாங்க, ராப்பர் ரெண்டு சரணம், நடுவுல ஒரு பொண்ணு குரல்னு ஃபார்முலா ஆயிடுச்சு. ஆனா பல பாட்டுல அந்தப் பொண்ணு குரல் சும்மா அலங்காரமா நிக்கும். இங்க மேரிய எடுத்துட்டா பாட்டே கிடையாது.

25 வருஷம் கழிச்சு, 2020ல, பவர் புக் 2 கோஸ்ட் சீரியல்ல ரெண்டு பேரும் சேர்ந்து நடிச்சப்போ நான் கதையவே பார்க்கல, ஒரே ஃபிரேம்ல அந்த ரெண்டு முகத்தையும் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

தம்பி, அந்த ஸ்பீக்கர கொஞ்சம் சத்தமா வைங்க. முதல்ல 1968 பாட்டு, டாமி குரல நல்லா காதுல வாங்கிக்கோங்க. உடனே 1995 ரீமிக்ஸ போடுங்க, நடுவுல யாரும் பேச வேண்டாம்.