நாணல் தந்த கரும்பு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கரும்பு விவசாயிகளும் வேளாண் மாணவர்களும் ஒன்றாக அமர்ந்திருக்கும் இந்த அவையில், கோ 86032 என்ற பெயரிலிருந்தே பேச்சைத் தொடங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். கடந்த இருபது ஆண்டுகளில் தமிழ்நாட்டில் கரும்பு நட்டவர்களில் இந்த ரகத்தை அறியாதவர் அரிது. ‘கோ’ என்பது கோயம்புத்தூரைக் குறிக்கிறது. 86 என்பது 1986ஆம் ஆண்டைக் குறிக்கிறது. மீதி எண், அந்த ஆண்டில் தேர்வுபெற்ற கரும்புகளுக்குள் இதற்குக் கிடைத்த வரிசை எண். இந்தக் கரும்பின் தாய் வழியையும் தந்தை வழியையும் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கித் தேடிக்கொண்டு போனால், ஓரிடத்தில் ஆற்றங்கரையில் பூத்து நிற்கிற, மாடுகூட விரும்பித் தின்னாத ஒரு நாணலிடம் போய்ச் சேருவோம். கரும்பின் விளைச்சல் உயர்ந்ததற்கு அந்த நாணலின் ரத்தமே முதற்காரணம் என்பதை இன்று விளக்க விரும்புகிறேன்.

நியூகினித் தீவில் மனிதன் பழக்கி வளர்த்த பருத்த கரும்பு, சாறும் இனிப்பும் மென்மையும் கொண்டது. நம் பக்கத்தில் ‘வெள்ளை’ என்று வழங்கிய கரும்பு அந்த வகையைச் சேர்ந்தது. ஆனால் அது வெப்பநாட்டுச் செல்லப்பிள்ளை. பஞ்சாபின் குளிரையும் வறட்சியையும் அது தாங்காது. அதனால் வட இந்திய விவசாயிகள் விரல் பருமனே உள்ள மெலிந்த கரும்புகளைத்தான் பயிரிட்டு வந்தார்கள். அவை எல்லாவற்றையும் தாங்கின, ஆனால் எடை தரவில்லை. ஒன்றில் விளைச்சல் உண்டு, உறுதி இல்லை. மற்றொன்றில் உறுதி உண்டு, விளைச்சல் இல்லை. இரண்டையும் ஒரே செடியில் சேர்க்க வழியிருப்பதாகப் பல நூற்றாண்டுகள் யாரும் எண்ணவில்லை. கரும்பை எப்போதும் அதன் தண்டைக் கரணைத் துண்டுகளாக வெட்டி நட்டே பெருக்கியதால், அதன் பூக்கதிரில் முளைக்கக்கூடிய விதை உண்டு என்பதே உலகத்தின் கவனத்துக்கு வரவில்லை. 1880களின் பிற்பகுதியில் ஜாவாவில் சோல்ட்வெடல் என்ற ஆய்வாளரும், பார்படோஸ் தீவில் ஹாரிசன், போவெல் ஆகிய இருவரும் தனித்தனியே கரும்பு விதைகள் முளைப்பதை உறுதிசெய்த பிறகுதான், கரும்புக்குக் கலப்பு மணம் செய்து வைக்கலாம் என்ற துணிவு பிறந்தது.

1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்கு நிலையம் அமைந்தது. வட இந்தியாவுக்கு வேண்டிய கரும்பை உருவாக்கத் தெற்கே ஏன் வந்தார்கள் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கரும்பு பூப்பதற்குப் பகலின் நீளமும் காற்றின் ஈரமும் கணக்காக அமைய வேண்டும். வடக்கே பெரும்பாலான ரகங்கள் பூப்பதில்லை. பூத்தாலும் குளிரில் விதை பிடிப்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று தொடும் கோவையிலோ, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கரும்புத் தோட்டம் முழுவதும் வெள்ளி நிறப் பூக்கதிர்கள் எழுந்து நிற்கும். நிலையத்தின் முதல் தலைவர் சார்லஸ் ஆல்பிரட் பார்பர். அவருக்கு உதவியாளராகச் சேர்ந்து, பின்னர் அவர் இடத்துக்கே வந்தவர் டி.எஸ்.வெங்கட்ராமன். அவர்கள் வெள்ளைக் கரும்பைத் தாயாகவும் கோவை வட்டாரத்து நாணலைத் தந்தையாகவும் வைத்துச் செய்த கலப்பில் பிறந்ததுதான் கோ 205. 1918இல் வெளியான இந்த ரகம், பஞ்சாபில் உள்ளூர்க் கரும்பைவிட ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதலாக விளைந்தது. காட்டு நாணலைப் பெற்றோராகக் கொண்டு வணிகச் சாகுபடிக்கு வந்த முதல் கரும்பு இதுவே. அன்றைய அறிஞர் பலருக்கு நாணலைத் தோட்டத்துக்குள் கொண்டுவருவது வீண்வேலையாகத் தோன்றியிருக்கும். பார்பரும் வெங்கட்ராமனும் அதைத் துணிந்து செய்தார்கள் என்பதை நான் பெரும் மதிப்புடன் நினைக்கிறேன்.

அந்தக் கலப்பு எப்படி நடக்கிறது என்பதை நேரில் பார்த்தால்தான் அதன் நுட்பம் புரியும். விடியற்காலையில் பூக்கதிரிலிருந்து மகரந்தப் பைகளை எடுத்து, கண்ணாடித் துண்டில் நசுக்கி, ஒரு சொட்டு அயோடின் விடுவார்கள். மாவுச்சத்து நிறைந்த நல்ல மகரந்தம் கருநீலமாக மாறும். மலட்டு மகரந்தம் நிறம் மாறாமல் கிடக்கும். நிறம் மாறினால் அந்தக் கதிர் தந்தை, மாறாவிட்டால் தாய். இரண்டு கதிர்களையும் ஒரு துணிக்கூண்டுக்குள் சேர்த்துக் கட்டி, தந்தைக் கதிரைச் சற்று உயரத்தில் நிறுத்துவார்கள். பிறகு கிடைக்கும் விதை, பஞ்சு போன்ற மயிர்களுக்குள் மறைந்திருக்கும். கையில் எடுத்து ஊதினால் பறந்துவிடும். அந்த விதையிலிருந்து முளைக்கும் நாற்றுகளில் ஒன்றைப் போல் மற்றொன்று இராது. ஆயிரக்கணக்கான நாற்றுகளில் தொடங்கி, பருமன், சர்க்கரை, நோய் எதிர்ப்பு, வெட்டிய கட்டை மீண்டும் தழைத்துத் தரும் மறுதாம்பு விளைச்சல் என்று ஆண்டுக்கணக்கில் கழித்துக்கொண்டே வந்து, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்று மிஞ்சினால் அது நல்ல அறுவடை.

கரும்புக்குள் இயற்கை ஓர் அரிய உதவியையும் வைத்திருக்கிறது. பருத்த கரும்பின் செல்லில், மரபுப் பண்புகளைத் தாங்கிச் செல்லும் குரோமோசோம்கள் 80 உண்டு. பொதுவாகத் தாய் தன் பாதியையே பிள்ளைக்குத் தரும். ஆனால் பருத்த கரும்பு நாணலுடன் சேரும்போது 80ஐயும் அப்படியே தந்துவிடுகிறது. நாணல் தன் பாதியைத்தான் தருகிறது. பிறந்த கலப்பினத்தை மீண்டும் பருத்த கரும்புடன் சேர்த்தால் நாணலின் பங்கு இன்னும் குறைகிறது. இன்றைய ரகங்களின் குரோமோசோம்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்று வரைதான் நாணலுடையது; தூர் கட்டும் வேகத்தையும், வறட்சியைத் தாங்கும் திறனையும், மறுதாம்பு வலிமையையும் பெரிதும் அந்தச் சிறு பங்கே தருகிறது.

ஜாவாவில் இதே வழியில் பிறந்த பி.ஓ.ஜே. 2878 என்ற கரும்பு, 1920களின் முடிவுக்குள் அந்தத் தீவின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியைப் பிடித்தது. அதைக் கோ 290உடன் சேர்த்து வெங்கட்ராமன் காலத்தில் உருவான கோ 419, தென்னிந்தியாவின் வயல்களைப் பல பத்தாண்டுகள் ஆண்டது. 1934 முதல் 1939 வரை கோவையில் பணியாற்றிய தாவரவியலாளர் ஜானகி அம்மாள், கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூடக் கலந்து பார்த்தார். அந்தக் கலப்பு வயலுக்கு வரவில்லை. ஆனால் நாணல்களின் குரோமோசோம்களைப் பற்றி அவர் செய்த ஆய்வு நிலைத்து நின்றது.

1950-51இல் இந்தியாவில் ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 33 டன் கரும்பு விளைந்தது. இப்போது 80 டன்னை ஒட்டி விளைகிறது. இந்த உயர்வு முழுவதையும் ரகத்தின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. பாசனமும் உரமும் உழவரின் உழைப்பும் அதில் இருக்கின்றன. ஆனால் அந்த உரத்தையும் நீரையும் எடையாக மாற்றித் தரும் ரகம் வந்ததால்தான் அவற்றுக்குப் பயன் கிடைத்தது.

இனி நான் வருத்தத்தோடு சொல்ல வேண்டிய பகுதி. எங்கள் ஊரில் என் தகப்பனார் கோ.சி. 671 நட்டிருந்தார். கடலூர் ஆராய்ச்சி நிலையம் தந்த அந்த ரகத்தின் இனிப்பை இன்றும் மறக்க முடியவில்லை. ஒரு பருவத்தில் மேல் தோகை மஞ்சளித்துக் காய்ந்தது. ஒரு கழியை வெட்டி நீளவாக்கில் பிளந்தார். உள்ளே சதை சிவந்து, அந்தச் சிவப்புக்குக் குறுக்கே வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. புளித்த கள்ளின் வாடை அடித்தது. அதுதான் செவ்வழுகல். அந்தப் பூசணம் கரணைக்குள்ளேயே குடியிருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து பெரும்பாலும் பலிப்பதில்லை. நோய்க்கு ஈடுகொடுக்கும் ரகமே உண்மையான மருந்து. அந்த ரகத்தையும் சில ஆண்டுகளில் பூசணம் புது வடிவெடுத்து வென்றுவிடுகிறது.

ஒரே நாற்றிலிருந்து கரணை கரணையாகப் பெருகியவை என்பதால், ஒரு ரகத்தின் கோடிக்கணக்கான கரும்புகளும் உண்மையில் ஒரே செடிதான். ஒன்று வீழ்ந்தால் எல்லாம் வீழும். 1930களின் இறுதியில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்தின் கிழக்கிலும் பரவலாக நின்ற கோ 213 அப்படித்தான் அழிந்தது. எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே கதை திரும்பியது. ஹரியானாவின் கர்னாலில் உருவாகி 2009இல் வெளியான கோ 0238, உத்தரப் பிரதேசத்தின் விளைச்சலையும் கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் அளவையும் முன் கண்டிராத அளவுக்கு உயர்த்தியது. அந்த மாநிலத்தின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியை அந்த ஒரே ரகம் பிடித்திருந்த நேரத்தில்தான் செவ்வழுகல் உள்ளே நுழைந்தது.

இன்னும் ஆழமாகப் பார்த்தால் ஒற்றுமை ரகத்தோடு நிற்கவில்லை. நம் கோ 86032இன் பெற்றோரில் ஒன்று கோ.சி. 671. அதன் பெற்றோரில் ஒன்று கோ 775. வடக்கின் கோ 0238க்கும் கோ 775தான் ஒரு பெற்றோர். பெயர் மாறினாலும் குடும்பம் ஒன்றே. உலகின் கரும்பு ரகங்களில் மிகப் பெரும்பாலானவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாணல் செடிகளின் வழித்தோன்றல்களே. நூறாண்டுகளுக்கு முன் வாங்கிய அந்தச் சிறு மூலதனத்தை வைத்துத்தான் இன்றுவரை குடும்பம் நடத்துகிறோம். விளைச்சல் முன்போல் தாவி உயராததற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

கண்ணூரில் உள்ள ஆய்வு மையத்தில் உலகின் கரும்பு இனங்கள் உயிரோடு பாதுகாக்கப்படுகின்றன. அருணாசலப் பிரதேசத்து மலைச்சரிவுகள் முதல் தெற்கத்திய ஆற்றுப்படுகைகள் வரை திரட்டிய நாணல்களும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. இவற்றில் பெரும்பாலானவை இன்னும் எந்த ரகத்துக்குள்ளும் வரவில்லை. இப்போது சில ஆய்வாளர்கள் பழைய முறையைத் திருப்பிப்போட்டு, நாணலையும் அதன் உறவான எரியாந்தஸ் புல்லையும் தாயாக வைத்துக் கலப்புச் செய்கிறார்கள். முதல் தலைமுறை மெலிந்து, நார் மிகுந்து, இனிப்புக் குறைந்துதான் பிறக்கும். மீண்டும் மீண்டும் நல்ல கரும்புடன் சேர்த்து அதை வயலுக்குக் கொண்டுவர இருபது ஆண்டுகளாவது ஆகும். இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் யாராவது இந்த ஆண்டு அப்படியொரு கூண்டைக் கட்டினால், அதிலிருந்து வரும் கரணை உங்கள் பிள்ளைகளின் காலத்து விவசாயியின் கைக்குப் போய்ச் சேரும்.