ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசு

(இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாமாரே, அப்பாமாரே, ஆசிரியர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தாயைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். தாயைத் தெய்வம் என்று சொல்லி வாழ்த்த எல்லோருக்கும் தெரியும். நான் இன்றைக்குக் காசுக் கணக்குப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நம் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஒரு பிள்ளை உயர்தரம் வரை படித்து வெளியே வந்தால், அந்தப் படிப்புக்கான காசு யார் கையிலிருந்து வந்தது?

கொஞ்சம் பழைய கதையிலிருந்து வருகிறேன். 1820களில் கோப்பி (காப்பி)த் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து நம் ஆட்கள் வந்தபோது, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியாக நடந்தே வந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 200 வருட நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அது இந்த வழியை நினைத்துத்தான். கோப்பி பருவத்துக்குப் பழுக்கும் பயிர். பறித்து முடிந்ததும் பெரும்பாலான ஆண்கள் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். அப்புறம் கோப்பி நோயில் அழிந்து எல்லா மலையும் தேயிலையானபோது நிலைமை மாறியது. தேயிலை வருடம் முழுவதும் துளிர்க்கும். வாரம் பத்து நாளுக்கு ஒரு தரம் அதே மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்தாக வேண்டும். அதற்குப் பெண்கள் வேண்டும், குடும்பம் வேண்டும். நாம் இங்கே குடியிருக்கிற சனமானது இப்படித்தான். என் பார்வையில், மலையகத்தை ஊராக்கியது கொழுந்தெடுத்த பெண்களின் கை.

அந்தக் கைக்கு என்ன கொடுத்தார்கள்? என் அம்மா மலைக்கு இறங்கிய காலத்தில் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த சம்பளம். 1984இல்தான் அது சமமானது. சம்பளம் சமமான பிறகும் நேரம் சமமாகவில்லை. கவ்வாத்துக்கு, அதாவது தேயிலைச் செடி வெட்டப் போகும் ஆண்கள் பலர் பகலோடு வேலையை முடித்துத் திரும்புவார்கள். அம்மா நாலு மணிக்கெல்லாம் எழும்பி, ஈர விறகை ஊதி ஊதி அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, கைப்பிள்ளையைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஓடுவார். படங்குச் சாக்கை இடுப்பில் கட்டித் தேயிலை நிரையில் நின்றால் மழையும் அட்டையும்தான் துணை. கொழுந்து மடுவத்தில் கடைசி நிறுவை முடிந்து வீடு வர இருட்டிவிடும். எடை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். கொழுந்து நனைந்திருக்கிறது, கூடை கனம் என்று கிலோக் கணக்கில் கழிப்பார்கள். அதைக் கேட்கவும் முடியாது.

அந்தச் சம்பளமும் அம்மா கைக்கு வரவில்லை. பல தோட்டங்களில் மனைவியின் சம்பளத்தையும் கணவரே போய் வாங்கி வருவதுதான் வழக்கமாக இருந்தது. என் அப்பா மோசமான மனிதர் இல்லை. ஆனால் சம்பளக் காசு வீட்டுக்கு வருமுன் கடைக் கடனுக்கும் மற்றதுக்குமாகப் பாதி போய்விடும். அம்மா கையில் தொட்ட காசு ஒன்றே ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசு. ஓய்வு நாளில் மலைக்குப் போய், கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கி வருகிற காசு. அதை அவர் அரிசிப் பானைக்குள் விடவே மாட்டார். நோட்டுக் கொப்பி, சப்பாத்து, புலமைப்பரிசில் வகுப்புக் காசு எல்லாம் அதிலிருந்துதான். நான் படித்த வருடங்களில் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை படுத்துக் கிடந்து பார்த்ததில்லை.

அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் இரவில் குப்பி விளக்குப் பக்கத்தில் என் கொப்பியை விரித்துப் பார்ப்பார். சிவப்பு மை நிறைய இருந்தால், "டீச்சர் ஏன் இவ்வளவு கோபமா எழுதியிருக்காங்க?" என்பார். பொய் சொல்லித் தப்ப முடியாது. ஒரு தகரப் பெட்டியும் வைத்திருந்தார். பிறப்புச் சான்றிதழ்கள், பழைய விண்ணப்பங்கள் எல்லாம் பொலித்தீன் சுற்றி அதற்குள் இருக்கும். 1948இல் நம் ஆட்களின் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று நம்மைப் பங்கு போட்டார்கள். அம்மாவின் தங்கச்சி குடும்பம் கப்பலேறிப் போய்விட்டது. ஒரு கடதாசி இல்லாமல் போனால் ஒரு குடும்பம் என்னவாகும் என்பதை அவர் கண்ணால் கண்டவர். கூரை ஒழுகினால் அரிசிக்கு முன்னால் அந்தப் பெட்டியைத்தான் நகர்த்துவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் என் அக்காவை எட்டாம் வகுப்போடு நிறுத்தினார்கள். நான் படித்த படிப்பில் அக்காவின் பங்கும் இருக்கிறது. அம்மா அதை ஒரு நாளும் மறக்கவில்லை. அக்காவுக்குக் கல்யாணமாகி மகள் பிறந்ததும், "இவளை நிறுத்தினா நான் உன் வாசல் மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளை பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்து இன்றைக்கு ஆசிரியை.

இப்போது இங்கே இருக்கிற அம்மாமாரிடம் ஒரு விஷயம். வேலைக் காலத்தில் சேரும் ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதில் எடுக்கலாம். எடுத்த கையோடு அது மகனை வெளிநாடு அனுப்ப, மகள் கல்யாணத்துக்கு, லயத்துக்கு ஒரு அறை இழுத்துக்கட்ட என்று போய்விடுகிறது. என் அம்மாவுடையதும் அப்படித்தான் போனது. பிறகு, முதுகு வலிக்கு டவுனுக்குப் போய் மருந்தெடுக்கப் பஸ் காசுக்கும் அவர் எங்களைக் கேட்க வேண்டியிருந்தது. நீங்கள் பாதியையாவது உங்கள் பெயரில் வையுங்கள். பிள்ளைகள் கோபித்தால் கோபிக்கட்டும், இரண்டு நாளில் சரியாகிவிடும். பிள்ளைகளே, அம்மாவுக்கு வங்கிக்குப் போகக் கூச்சமாக இருந்தால் நீங்கள் கூடப் போங்கள். படிவத்தை வாசித்துக் காட்டுங்கள், கையெழுத்தை அம்மாவே போடட்டும். பெயரை எழுதத் தெரியாத அம்மாவுக்கு இந்த விடுமுறைக்குள் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

நன்றி. வணக்கம்.