தாக்குதலின் நடுவே அளக்க வேண்டிய வேகம்

நேயர்களுக்கு வணக்கம். ஒரே கணக்கைப் பல சர்வர்கள் சேர்ந்து வைத்திருக்கும்போது, அவற்றுள் ஒன்று பழுதாகி நின்றுபோனால் சமாளித்துவிடலாம். அதுவே பகைவர் கைக்குப் போய், ஒரு சர்வரிடம் ஒன்றும் இன்னொன்றிடம் வேறொன்றுமாகப் பொய் சொல்லத் தொடங்கினால் என்ன செய்வது? லெஸ்லி லாம்போர்ட்டும் அவருடைய சகாக்களும் 1982-இல் இதற்குப் பைசாந்தியத் தளபதிகளின் சிக்கல் என்று பெயரிட்டார்கள். பொய் சொல்லும் சர்வர் ஒன்றைத் தாங்க மொத்தம் நான்கு வேண்டும், இரண்டைத் தாங்க ஏழு வேண்டும்.

நடைமுறைக்கு ஒத்துவராத அளவு மெதுவானது என்று கருதப்பட்டுவந்த இந்தப் பாதுகாப்பை, 1999-இல் மிகெல் காஸ்ட்ரோவும் பார்பரா லிஸ்கோவும் ஒரு கோப்புச் சேவையில் பொருத்தி, வழக்கமான சேவையைவிட 3 சதவீதம்தான் தாமதம் என்று காட்டினார்கள். கணக்கிட அதிக நேரம் பிடிக்கும் டிஜிட்டல் கையொப்பத்துக்குப் பதிலாக, இருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியத்தால் ஆன சிறு முத்திரையைப் பயன்படுத்தியது அந்த வேகத்துக்கு ஒரு முக்கியக் காரணம்.

அந்த முத்திரையை அருகில் சென்று பார்ப்போம். சேவையைக் கேட்பவர் நான்கு சர்வர்களுக்கும் நான்கு முத்திரைகளை இணைத்து அனுப்புகிறார். ஒவ்வொரு சர்வராலும் தனக்குரியதை மட்டுமே சரிபார்க்க முடியும். கெட்ட எண்ணம் கொண்ட ஒருவர், கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் தலைமை சர்வருக்கு மட்டும் சரியான முத்திரையையும், மற்ற மூன்றுக்கும் தவறானதையும் வைத்தால், தலைமை ஏற்றுக்கொண்டதை மற்றவை மறுக்கும், வேலை நிற்கும், குற்றமற்ற தலைமையின் மீதே சந்தேகம் விழும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் ஆய்வாளர்கள் 2009-இல் இதைச் சோதித்தபோது, நொடிக்குச் சுமார் 61,000 கோரிக்கைகளை முடித்துவந்த காஸ்ட்ரோ-லிஸ்கோவ் அமைப்பு, அத்தகைய ஒரே ஒருவரால் பூஜ்யத்துக்கு இறங்கியது. கணக்கு எங்கும் பிசகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். காஸ்ட்ரோவும் லிஸ்கோவும் வாக்களித்த பாதுகாப்பு அப்படியே நின்றது, சேவைதான் நின்றுபோயிற்று.

ஆஸ்டின் ஆய்வாளர்கள் உருவாக்கிய ஆர்ட்வார்க் என்ற அமைப்பு, எல்லா சர்வர்களாலும் ஒரேபோல் சரிபார்க்க முடிகிற கையொப்பத்துக்கே திரும்பியது. அமைதியான வேளையில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 38,000தான். ஆனால் அதே தாக்குதலின்போதும் 38,000. என்னைக் கேட்டால், தயங்காமல் இதையே தேர்ந்தெடுப்பேன். வேக அட்டவணையில் தாக்குதல் வேளைக்கான பத்தி இல்லாத ஆய்வுக் கட்டுரையை என்னால் முழுமையானதாக ஏற்க முடிவதில்லை.

இதைவிட நுட்பமான பகை ஒன்று உண்டு. தலைமை சர்வரே பொய் சொல்லாமல், பிடிபடாத அளவுக்கு மட்டும் மெதுவாக வேலை செய்யலாம். அதனால்தான் ஆர்ட்வார்க், முந்தைய தலைமைகள் எட்டிய உச்ச வேகத்தில் 90 சதவீதத்தைக் கேட்கிறது. எட்டாத தலைமையை மற்ற சர்வர்கள் மாற்றிவிடுகின்றன.