மாத்திரையை நிறுத்திப் பத்து நாள்

வணக்கம் நேயர்களே. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் சின்னதாக ஒரு மாத்திரை போட்டுக்கொள்பவர் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். அதில் இருப்பது தைராக்சின். கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைராய்டு சுரப்பி செய்கிற அதே ஹார்மோன்தான். சுரப்பி போதிய அளவு செய்யாதபோது மாத்திரையாகக் கொடுக்கிறோம்.

என்னிடம் வரும் ஓர் அம்மா ஒருமுறை கேட்டார்: "ஊருக்குப் போனப்ப மாத்திரையை எடுத்துட்டுப் போக மறந்துட்டேன் டாக்டர். பத்து நாள் ஆச்சு, ஒண்ணும் பண்ணலையே. இனிமே வேணாம்தானே?" வேண்டும் என்றேன். கேட்கவில்லை. சில மாதம் கழித்து, சித்திரை வெயிலில், சால்வை போர்த்திக்கொண்டு வந்தார். முகம் உப்பியிருந்தது. குரல் கரகரத்தது. "எப்படியிருக்கீங்க?" என்றால் பதில் வரவே நேரமானது.

ஏன் இப்படி? ரத்தத்தில் உள்ள தைராக்சினில் பாதி தீரவே 7 நாள் ஆகும். பத்தாம் நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம் இருக்கும். அந்த இருப்பில்தான் உடம்பு ஓடுகிறது. மறுபடி சொல்கிறேன்: நிறுத்தியதும் தெரியாது, மெல்லத்தான் தெரியும். அளவை மாற்றினாலும் அப்படியே. ஆறு வாரம் கழித்துத்தான் ரத்தம் பார்க்கச் சொல்வோம்.

தைராக்சின் சேமிப்புப் பணம் மாதிரி. அதில் நான்கு அயோடின் அணுக்கள். கல்லீரல் போன்ற உறுப்புகள் அதில் ஒன்றைக் கழற்றினால் 'டி3'. அதுதான் கைச்செலவுக்கு எடுத்த சில்லறை. இதயத் துடிப்பு, உடல் சூடு, குடல் அசைவு எல்லாவற்றையும் முடுக்குவது அது. அமெரிக்காவில் கெண்டால் என்ற வேதியியலாளர் தைராக்சினைப் பிரித்தெடுத்தது 1914 கிறிஸ்துமஸ் அன்று. டி3 கண்ணில் பட 1952 ஆயிற்று!

காபியைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். தண்ணீரில் மாத்திரை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. சேர்த்துக் குடித்தால் குடல் மருந்தைச் சரியாக உறிஞ்சாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்கள். காபி டம்ளரோடு மாத்திரையை விழுங்கிவிட்டு, "டோஸ் போதலை" என்று வருபவர்கள் எத்தனையோ பேர்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். பச்சைக் குழந்தைகளைப் பற்றி ஒன்று மட்டும். பிறவியிலேயே தைராய்டு வேலை செய்யாத குழந்தைக்கும் முதலில் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. தாயிடமிருந்து வந்த தைராக்சின் சில நாள் காக்கும். அதற்குள் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தம் உண்மையைச் சொல்லிவிடும். முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் மூளை வளர்ச்சி கெடாமல் காப்பாற்றலாம். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் முன் இந்தச் சோதனை ஆயிற்றா என்று கேளுங்கள். வணக்கம்.