அந்த இரண்டு கெஜம்

2006 ஜனவரி 4. கலிபோர்னியாவின் பாசடீனாவில் ரோஸ் பவுல் அரங்கம். அமெரிக்கக் கால்பந்தில் இரண்டு பல்கலைக்கழக அணிகள். தொடர்ந்து 34 ஆட்டங்கள் வென்று வந்த யு.எஸ்.சி. (தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம்) ஒரு பக்கம், 19 வென்று வந்த டெக்சஸ் மறுபக்கம். அந்தப் பருவத்தில் இரண்டுமே 12 ஆட்டம் ஆடி 12-ம் ஜெயித்தவை. முடிவு 41-38, டெக்சஸுக்கு. டெக்சஸின் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வின்ஸ் யங் தனியாளாக வென்றார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 200 கெஜம் ஓடினார், 267 கெஜம் எறிந்தார், மறுக்க முடியுமா? ஆனாலும் அவர் கைக்குப் பந்து எப்படி வந்தது என்று பாருங்கள்.

நான்கு முயற்சியில் 10 கெஜம் நகர வேண்டும்; இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. யு.எஸ்.சி. 38-33 என்று முன்னிலை. நேரம் இரண்டு நிமிடம் சொச்சம். டெக்சஸின் எல்லைக்கு 45 கெஜம் முன்னால் யு.எஸ்.சி.க்கு நான்காவது முயற்சி, வேண்டியது 2 கெஜம். உதைத்துத் தள்ளியிருந்தால் டெக்சஸ் தன் எல்லையை ஒட்டித் தொடங்கியிருக்கும். யு.எஸ்.சி. பயிற்சியாளர் பீட் கேரல் ஓடச் சொன்னார். அன்று 124 கெஜம் ஓடிய லென்டேல் வைட் கையில் பந்து. நடுவிலேயே மடக்கினார்கள், ஏறக்குறைய ஒரு கெஜம் பாக்கி.

முடிவு தப்பில்லை என்பேன். யங்கைத் தடுக்க அன்று யாராலும் முடியவில்லை. பந்தை அவருக்குக் கொடுக்காமல் இருப்பதே நல்ல தற்காப்பு. தப்பு வேறிடத்தில். யு.எஸ்.சி.யின் இன்னொரு ஓட்டக்காரர் ரெஜி புஷ் அப்போது மைதானத்திலேயே இல்லை, ஓரத்தில் நின்றார். அவர் உள்ளே இருந்திருந்தால் டெக்சஸ் விளிம்புக்கும் ஆள் வைத்தாக வேண்டும். இல்லாததால் நடுவில் குவிந்தார்கள்.

பிறகு டெக்சஸுக்குப் போக வேண்டியது 56 கெஜம். மூன்றாவது முயற்சியில் 12 கெஜம் தேவைப்பட்டபோது கிடைத்தது 7தான். தலைக்கவசக் கம்பியைப் பிடித்த யு.எஸ்.சி. வீரரின் தவறு மீதியைக் கொடுத்தது. கடைசியில் நான்காவது முயற்சி, 5 கெஜம். எறிய ஆள் தேடிய யங், யாரும் கிடைக்காமல் வலப்பக்க மூலைக்கு ஓடினார். டச்டவுன் (பந்தோடு எதிரணி எல்லையைத் தாண்டுவது, 6 புள்ளி), 39-38, மிச்சம் 19 விநாடி.

இங்கே கணக்கு ஒன்று. டச்டவுனுக்குப் பின் கூடுதல் முயற்சி ஒன்று உண்டு. உதைத்தால் 1 புள்ளி, 40. பிறகு யு.எஸ்.சி. ஒரு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைப்பது, 3 புள்ளி) அடித்தால் தோல்விதான். ஓடி எடுத்தால் 2, அதாவது 41. அப்போது யு.எஸ்.சி. ஃபீல்டு கோல் அடித்தாலும் சமன்தான். யங்கே ஓடி அதையும் எடுத்தார். யு.எஸ்.சி.யின் கடைசி எறி யார் கையிலும் சிக்காமல் விழுந்தது.